மரப்பாலும் மருத்துவக் கையுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் ‘பால்’ என்னும் சொல் ஆவின் மடியில் சுரப்பதை மட்டும் குறிப்பதன்று. செடி, கொடி, மரங்களைக் கீறும்போது கசியும் வெண்ணிற நீரும் பால் என்றே வழங்கப்படுகிறது. எருக்கம்பால், கள்ளிப்பால், ஆலம்பால், அத்திப்பால் ஆகிய சொற்கள் இதற்குச் சான்றாகும். ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கையும் நாற்பால் மரங்கள் எனத் தொகுத்துக் கூறுவது தமிழ் மருத்துவ மரபு. மரத்தின் பாலில் மருந்துண்டு என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

தற்கால மருத்துவத்தில் மரப்பால் வேறொரு வடிவில் இடம்பெற்றது. இரப்பர் மரத்தின் பால் மருந்தாக அன்றிக் கருவியாக மருத்துவமனைக்குள் நுழைந்தது. அறுவைக் கையுறை, சிறுநீர் வடிகுழாய், கருத்தடை உறை ஆகியவை அதன் பயன்பாடுகளுள் தலையாயவை. இவற்றுள் கையுறையின் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு, அதனோடு பிணைந்த தமிழர் உழைப்பின் வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கையுறையால் விளைந்த ஒவ்வாமை மரப்பாலின் இயல்பால் மட்டும் நேர்ந்ததன்று. அதனைப் பொருளாக்கிய முறையில் காட்டிய விரைவாலும் நேர்ந்தது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

அத்திபெலே: ஓர் எல்லையூரின் நிலை

கர்நாடக மாநிலம், பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தில் தமிழ்நாட்டின் ஓசூரை அடுத்து அமைந்துள்ள எல்லையூர் அத்திபெலே. கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வூர் இன்று ஒரு தொழிற்பேட்டையாக விளங்குகிறது. ஊர்ப்பெயரின் முற்பகுதி அத்தி மரத்தின் பெயரோடு ஒலியொத்துள்ளது. கன்னடத்திலும் அத்தி என்பதே அம்மரத்தின் பெயர். பாலுள்ள மரமொன்றைப் பெயரால் நினைவூட்டும் இவ்வூரின் நிலத்தில் இரப்பர் மரம் வளராது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழையும் தாழ்நிலத்தின் வெப்பமும் வேண்டும் அம்மரத்திற்கு இந்த உலர்ந்த மேட்டுநிலம் ஏற்றதன்று.

எனினும் இரப்பரின் மருத்துவ வரலாற்றை விளக்க இவ்வூரின் இருப்பிடம் துணைசெய்கிறது. அத்திபெலே வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. தமிழ்நாட்டின் இரப்பர் விளையும் மாவட்டம் அச்சாலையின் தென்முனையில் உள்ளது. அதே சாலை வடக்கே பெங்களூரின் பெருமருத்துவமனைகள் உள்ள நகர்ப்பகுதியை நோக்கிச் செல்கிறது. பால் வடியும் காடு ஓரிடத்திலும் கையுறை அணியும் கை வேறோரிடத்திலும் இருக்க, இரண்டையும் தொழிற்சாலையும் சாலையும் இணைக்கின்றன. உலக அளவில் நிகழ்ந்த இரப்பர் வரலாறும் இத்தகையதே.

அத்தி இனமும் அமேசான் மரமும்

இந்தியாவில் இரப்பருக்காக முதலில் வளர்க்கப்பட்ட மரமும் அத்தியின் இனத்தைச் சேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அசாமின் காடுகளில் வளரும் ஃபைகஸ் எலாஸ்டிகா என்னும் மரத்தின் பாலிலிருந்து இரப்பர் எடுக்கப்பட்டது. 1870களில் அசாமின் சார்துவார் பகுதியில் ஆங்கில அரசு இதற்கெனத் தோட்டமும் அமைத்தது. ஆனால் அளவிலும் தரத்திலும் தென்னமெரிக்க மரமான ஹீவியா பிரேசிலியென்சிஸ் இதனை விஞ்சியது.

அமேசான் காடுகளின் தொல்குடிகள் இம்மரத்தின் பாலை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1736ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமீன் இதன் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். வெயிலில் இளகுவதும் குளிரில் விறைப்பதுமாகிய இரப்பரின் குறையைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிக் களையும் முறையை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். வல்கனைசு செய்தல் எனப்படும் இம்முறையே இரப்பரை மருத்துவத்திற்கு உரியதாக்கியது. கொதிநீரைத் தாங்காத பொருளால் அறுவை மருத்துவருக்குப் பயன் இல்லை.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுசேர்த்தார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அந்நாற்றுகளில் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக 1888ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இந்தியாவில் வணிக நோக்கிலான முதல் ஹீவியா தோட்டம் 1902ஆம் ஆண்டில் பெரியாற்றின் கரையில் தட்டேக்காட்டில் உருவானது.

கையுறையின் தோற்றம்

அறுவைக் கையுறையின் தோற்றத்தில் ஒரு வரலாற்று முரண் உள்ளது. அது முதலில் நோயாளியைக் காக்க உருவானதன்று. 1889-90ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைக்கூடச் செவிலியாகப் பணியாற்றிய கரோலின் ஹாம்டனின் கைகள், கிருமி நீக்கப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் இரப்பர் நிறுவனத்தைக் கொண்டு மெல்லிய இரப்பர்க் கையுறைகளைச் செய்வித்து அவருக்கு வழங்கினார். 1890இல் இருவரும் மணம்புரிந்தனர். ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் அறுவை செய்வோர் யாவரும் கையுறை அணியும் வழக்கத்தைப் புகுத்தினார். அதனால் அறுவைப் புண்களில் சீழ் வைப்பது பெரிதும் குறைந்ததை 1899ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு செவிலியின் தோலைக் காக்கப் பிறந்த பொருள் நோயாளியின் உயிரைக் காக்கும் பொருளாக மாறியது இவ்வாறே.

அக்காலக் கையுறைகள் தடித்தவை; பலமுறை பயன்பட்டவை. இந்திய மருத்துவமனைகளிலும் கையுறைகளைக் கழுவி, உலர்த்தி, ஓட்டை உள்ளனவா எனப் பார்த்து, மாவு தூவி, நீராவியில் வேகவைத்து மீண்டும் பயன்படுத்துவது நெடுங்காலம் செவிலியர் பணிகளுள் ஒன்றாக இருந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அறுவைக் கையுறையை 1960களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவின் அன்செல் நிறுவனம் வெளிக்கொணர்ந்தது.

பால் வெட்டிய கைகள்

மருத்துவ வரலாற்று நூல்கள் ஹால்ஸ்டெட்டையும் குட்இயரையும் குறிக்கின்றன. அந்தப் பாலை வெட்டியவர்களைப் பற்றி அவை பேசுவது அரிது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலக இரப்பரின் பெரும்பகுதி மலாயாவிலிருந்து வந்தது. அங்குத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் மிகப் பலர் தமிழர். கங்காணி முறையில் ஊர் ஊராக ஆள் திரட்டப்பட்டது. 1907ஆம் ஆண்டில் மலாயாவில் இதற்கெனக் குடியேற்றக் குழுவும் நிதியமும் ஏற்படுத்தப்பட்டன. தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது.

பால் வெட்டுதல் நுண்திறன் வேண்டும் தொழில். பாற்குழல்கள் பட்டைக்குள் மெல்லிய அடுக்காக அமைந்துள்ளன. அவற்றை அறுக்க வேண்டும். அதற்கு உள்ளே உள்ள வளர்படையைத் தொடலாகாது. தொட்டால் பட்டை முடிச்சிட்டு மரம் பயனற்றுப்போகும். விடியும் முன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். எனவே இருளில் எழுந்து, விளக்கொளியில் மரம் மரமாகச் செல்வது தோட்டத்து வாழ்வின் நியதியாயிற்று. இவ்வாழ்விலிருந்து தமிழுக்குச் சில சொற்கள் கிடைத்தன. மலேசியத் தமிழில் இரப்பர் மரம் ‘பால்மரம்’ ஆயிற்று. பால் ஏந்தும் கிண்ணம் ‘மங்கு’ எனப்பட்டது. வெட்டுவாயில் உறைந்து ஒட்டிக்கொள்வது ‘ஒட்டுப்பால்’ ஆயிற்று. அயற்பெயரை ஏற்காது தம் மொழியின் பாலை அம்மரத்திற்கு வழங்கிய பெயரீடு இது. இலங்கைத் தமிழ் ‘இறப்பர்’ என வல்லின றகரம் இட்டு எழுதுவதும் ஒப்புநோக்கத்தக்கது. மலேசியத் தோட்டத் தமிழரின் வாழ்வைக் களமாகக் கொண்ட அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ புதினம் இச்சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர்க்கும் அறிமுகப்படுத்தியது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் இரப்பர் வரலாறு கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்தது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்நிலம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு மறுவாழ்வு அளிப்பது, இம்மாவட்டத்தில் வனத்துறை இரப்பர்த் தோட்டங்களை விரிவாக்கியதன் நோக்கங்களுள் ஒன்றாகும். அத்தோட்டங்களின் நிருவாகத்திற்காக 1984இல் தமிழ்நாடு அரசு இரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மலையகத்திலிருந்து பிடுங்கப்பட்ட குடும்பங்கள் சில மீண்டும் தோட்டத் தொழிலுக்கே வந்துசேர்ந்தன.

இந்தியாவில் தோய்ப்புத் தொழில்

மரப்பாலிலிருந்து கையுறையோ உறையோ செய்யும் முறைக்குத் தோய்ப்பு என்பது அடிப்படை. மரத்திலிருந்து வடியும் பாலில் 30 முதல் 40 விழுக்காடு இரப்பரும், ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு புரதமும், சிறிதளவு சர்க்கரையும் பிசினும் உப்புகளும் உள்ளன, எஞ்சியது நீர். உறையாதிருக்க அம்மோனியா சேர்த்து, மையவிலக்குப் பொறியில் சுழற்றி 60 விழுக்காட்டு இரப்பர் உள்ள செறிவுப்பாலாக்குவர். கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினைவேகப் பொருள்கள் ஆகியவற்றைக் கலந்தபின், கை வடிவிலான பீங்கான் அச்சுகளை உறைய வைக்கும் உப்புக் கரைசலிலும் அடுத்துப் பாலிலும் தோய்த்தெடுப்பர். அச்சின்மேல் படிந்த படலம் சுடுநீரில் கழுவப்பட்டு, சூடேற்றப்பட்டு, கையுறையாக உரித்தெடுக்கப்படும். இவற்றுள் கழுவுதல் என்னும் படிநிலை நினைவில் கொள்ளத்தக்கது. புரதமும் எஞ்சிய வேதிப்பொருள்களும் நீங்குவது அப்படிநிலையிலேயே.

இந்தியாவில் தோய்ப்புத் தொழில் பெருவளர்ச்சி பெறக் குடும்பநலத் திட்டம் ஒரு முக்கிய காரணமாக அமைந்தது. 1960களில் சென்னைப் பல்லாவரத்தில் கருத்தடை உறைத் தொழிற்சாலை தோன்றியது. 1966இல் நடுவண் அரசு இந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனத்தை உருவாக்கியது. ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு திருவனந்தபுரம் பேரூர்க்கடை ஆலை 1969 ஏப்ரலில் உற்பத்தியைத் தொடங்கியது. 1968இல் அறிமுகமான ‘நிரோத்’ 3 உறைகள் 15 காசு என்னும் மானிய விலையில், தேயிலையும் சோப்பும் விற்கும் பெருநிறுவனங்களின் விற்பனை வலையமைப்பின் வழியே சிற்றூர்க் கடைகளையும் சென்றடைந்தது. அந்நிறுவனத்தின் மற்றோர் ஆலை 1985இல் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டம் கணகலாவில் அமைந்தது. மக்கள்தொகைக் கொள்கைக்காக வளர்ந்த இத்தொழில்திறன் அடுத்து வந்த ஒரு நோய்க் காலத்தில் வேறு வகையிலும் பயன்பட்டது.

1986ஆம் ஆண்டும் அதன் விளைவும்

1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோர் சென்னையில் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் அறியப்பட்டது அப்போதுதான். மறு ஆண்டு, 1987இல், எல்லா நோயாளிகளின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறை அணிய வேண்டும் என்னும் பொது முன்காப்பு நெறியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்தது. உலகெங்கும் மருத்துவமனைகள் அதனைப் பின்பற்றின. அறுவைக்கூடத்துக்குள் மட்டும் இருந்த கையுறை ஊசி போடும் அறைக்கும் பல் மருத்துவருக்கும் ஆய்வகத்திற்கும் பரவியது.

இத்தேவையை நிறைவுசெய்ய மலேசியாவில் மிகக் குறுகிய காலத்தில் எண்ணற்ற தோய்ப்பு ஆலைகள் எழுந்தன. அதே காலத்தில் அங்கு இரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய்ப் பனைக்கும் நகர விரிவாக்கத்திற்கும் இடம்கொடுத்து வந்தன. தோட்டத்து லயங்களில் பல தலைமுறை வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. காலப்போக்கில் மலேசிய ஆலைகளுக்கு வேண்டிய செறிவுப்பாலின் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து இறக்குமதியானது. உலகின் கைகளுக்கு உறை செய்யும் நாடாக மலேசியா உயர்ந்த காலமும், அந்நாட்டின் பால்மரக் காடுகளில் தமிழர் வாழ்வு சுருங்கிய காலமும் ஒன்றே.

ஒவ்வாமையும் அதன் காரணமும்

கையுறை பெருகிய சில ஆண்டுகளிலேயே புதியதொரு நோய் மருத்துவமனைகளில் தோன்றியது. இரப்பரால் உடனடி ஒவ்வாமை நேர்ந்ததாக ஜெர்மனியில் 1927இலும் இங்கிலாந்தில் 1979இலும் தனித்தனி அறிக்கைகள் வந்திருந்தன. 1980களின் இறுதியில் அது தனியாட்களின் குறையாக இல்லாமல் ஒரு தொழில்நோயாக உருவெடுத்தது. தோல் தடிப்பு, தும்மல், மூச்சுத்திணறல், சிலருக்கு உயிரையே பறிக்கும் அதிர்ச்சி என அது வெளிப்பட்டது. 1991இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் மருத்துவர்களை எச்சரித்தது. மிகுதியாகப் பாதிக்கப்பட்டோர் செவிலியர், அறுவை மருத்துவர், பிறவித் தண்டுவடக் குறையால் பலமுறை அறுவைக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர். செவிலியின் கையைக் காக்கத் தோன்றிய பொருள் நூற்றாண்டு கடந்து செவிலியரையே வருத்தியது.

இதற்குக் காரணம் பாலில் உள்ள புரதங்கள். வாழை, பப்பாளி, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றிலும் இவற்றை ஒத்த புரதங்கள் இருப்பதால் இரப்பர் ஒவ்வாமை உள்ளோர் சிலருக்கு அப்பழங்களும் ஒவ்வாமல் போகின்றன. ஆயினும் அதே மரத்தின் அதே பால் முக்கால் நூற்றாண்டாக மருத்துவமனைகளில் இருந்தபோது இந்நோய் ஏன் பெருகவில்லை என்னும் வினா எழுகிறது. பயன்பாடு பன்மடங்கானது ஒரு காரணம். மற்றொன்று, பெருந்தேவையை நிறைவேற்றும் விரைவில் கழுவும் படிநிலை சுருக்கப்பட்டதால் புரதம் மிகுந்த கையுறைகள் சந்தைக்கு வந்தமை. மூன்றாவது, எளிதாக அணியத் தூவப்பட்ட சோளமாவு. புரதம் மாவுத்துகளில் ஒட்டிக்கொண்டு காற்றில் பரவியதால் கையுறை அணியாதவரும் அதனை மூச்சில் இழுத்தனர்.

இவ்விளக்கத்தின் வலிமையை அடுத்து நிகழ்ந்தவை காட்டுகின்றன. ஜெர்மனி 1990களின் இறுதியில் மாவிட்ட இரப்பர்க் கையுறைகளை மருத்துவப் பணியிடங்களிலிருந்து விலக்கியது. அதன்பின் மருத்துவப் பணியாளரிடையே புதிய ஒவ்வாமை நேர்வுகள் கணிசமாகக் குறைந்தன. இரப்பர்ப்பால் கொண்ட மருத்துவப் பொருள்களில் அதனைக் குறிப்பிட வேண்டும் என்னும் அமெரிக்க விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. மாவிட்ட கையுறைகளுக்கு அந்நாடு விதித்த முழுத்தடை 2017 ஜனவரி 18 முதல் செயற்பட்டது. மரத்தை மாற்றாமலே, கழுவுதலை மீட்டும் மாவை நீக்கியும் தீங்கின் பெரும்பகுதி குறைக்கப்பட்டது.

மாற்றுப் பொருள்களும் இன்றைய வினாவும்

இதற்கிடையில் பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து செய்யப்படும் நைட்ரைல் கையுறை பரவியது. அதில் மரப்புரதம் இல்லை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது உலகம் தேடியதும் பெரிதும் அதனையே. மற்றொரு புறம், மெக்சிக்கோவின் பாலைநிலச் செடியான குவாயூலின் பாலிலிருந்து செய்த கையுறைக்கு அமெரிக்கா 2008இல் இசைவளித்தது. பெங்களூருப் பகுதியின் தரிசுகளை நிறைக்கும் பார்த்தீனியக் களை இச்செடியின் இனத்ததே.

ஒவ்வாமை உள்ளோர்க்கு மாற்றுப் பொருள் இன்றியமையாதது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் இயற்கை இரப்பரை மருத்துவத்திலிருந்து முற்றிலும் விலக்க வேண்டும் என்பதற்கு வரலாறு சான்று தரவில்லை. நீட்சி, கிழியா வலிமை, விரல்களோடு ஒட்டி நிற்கும் இயல்பு ஆகியவற்றால் நுண்ணிய அறுவைகளில் பலர் இன்றும் அதனை விரும்புகின்றனர். அது புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வருவது. கன்னியாகுமரியின் சிறு உழவர்க்கும் பால் வெட்டும் தொழிலாளர்க்கும் செறிவுப்பாலின் மருத்துவச் சந்தை வாழ்வாதாரங்களுள் ஒன்று. ஆகவே வினா ‘இயற்கையா, செயற்கையா’ என்பதன்று. எவ்வாறு கழுவப்பட்டது, எவ்வளவு புரதம் எஞ்சியுள்ளது, அது அணிபவருக்கு அறிவிக்கப்பட்டதா என்பவையே வினாக்கள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. மருந்தாகத் தமிழர் அறிந்த மரப்பால், தற்கால மருத்துவத்தில் காப்புக் கருவியாக இடம்பெற்றது. அதன் பெருக்கத்திற்குக் குடும்பநலக் கொள்கை, எச்.ஐ.வி. தொற்று ஆகிய பொதுநலத் தேவைகள் காரணமாயின. அதனால் நேர்ந்த ஒவ்வாமை, உற்பத்தியின் விரைவோடு தொடர்புடையது. உரிய நெறிமுறையால் பெருமளவு தடுக்கப்பட்டது. இவ்வரலாறு முழுவதிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கன்னியாகுமரியிலும் தமிழர் உழைப்பு அடித்தளமாக அமைந்தது.

மருத்துவ வரலாறு பொருளைக் கண்டுபிடித்தோரைப் பதிந்துள்ளது; அப்பொருளை வடித்தெடுத்தோரைப் பதியவில்லை. பால்மரம், மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களும் தோட்டப்புறப் பாடல்களும் புதினங்களும் அவ்விடைவெளியை நிரப்பும் சான்றுகள். தோட்டங்கள் மறைய மறைய அச்சொற்களைப் புழங்கிய தலைமுறையும் குறைந்து வருகிறது. அவற்றைத் தொகுத்து, மருத்துவ வரலாற்றோடு இணைத்து ஆராய்வது தமிழியல் ஆய்வாளர் காலம் தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.